பல்லுக்கொழுக்கட்டைக்கு இருத்திய இரண்டு பேர்

பத்து வருடம் என்னை மலடி என்றே சொன்ன என் மாமியார், என்னுடைய இரட்டைப் பெண்களுக்குப் பல் முளைத்தபோது, ஒரு பிள்ளைக்கு மட்டும்தான் கொழுக்கட்டை அவித்தார்.

மெட்ராஸ் டொக்டர் என் கர்ப்பப்பையில் வைத்தது ஒரேயொரு கரு. அது உள்ளே பிரிந்து இரண்டாகிவிட்டது. பருத்தித்துறைக்குத் திரும்பியதிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் நொந்துபோனது. மாமியார் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை.

பல் முளைத்த பிள்ளையைப் பாயில் இருத்தி, தலையில் கொழுக்கட்டை கொட்டுவது எங்கள் வழக்கம். அன்று வீடு நிறையச் சனம். மாமியார் கொழுக்கட்டைச் சுளகோடு வந்து நின்றார்.

"வைச்சது ஒண்டெண்டால் மற்றது ஆற்றை பிள்ளை? எங்கடை பிள்ளையை மட்டும் இருத்து."

என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பேரையும் தூக்கிப் பாயில் இருத்தினேன்.

"நீங்களே வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ மாமி, இதிலை ஆர் உங்கடை பேத்தி?"

மாமியார் குனிந்து பார்த்தார். வந்திருந்த சனமும் எட்டிப் பார்த்தது. இரண்டு முகத்திலும் மாமியாரின் அதே சப்பை மூக்கு இருந்தது.