கைப்பிடி இல்லாத வாள்

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பொன்னுரங்கம் ஆசாரி இருந்தார். கதவு, கட்டில், ஏர்க்கலப்பை எல்லாம் செய்வார். வேலையில் குறை சொல்ல முடியாது. ஊரே மெச்சுகிற கெட்டிக்காரர் என்றும் சொல்ல முடியாது. அவருக்குப் பேர் வந்தது வேறு காரணத்தால். செத்துப்போன ஆசாரிகளின் சாமான்களை அவர் சேர்த்து வைத்திருந்தார்.

சங்கராபுரம், திருக்கோவிலூர் பக்கம் எங்கே ஒரு ஆசாரி கண்ணை மூடினாலும், காரியம் முடிந்த பிறகு பொன்னுரங்கம் சைக்கிளில் போய் இறங்குவார். மகன் நெய்வேலிக்கோ பஸ் கம்பெனிக்கோ வேலைக்குப் போயிருப்பான். உளியும் இழைப்புளியும் பரணில் துருப்பிடித்துக் கிடக்கும், இல்லாவிட்டால் பழைய இரும்பு எடுக்கிற பேரீச்சம்பழக்காரன் வரட்டும் என்று வாசலுக்கே வந்திருக்கும். "அத எங்கிட்ட குடுங்கம்மா, நான் வெச்சிக்கறேன்" என்பார். சும்மா வாங்கி வர மாட்டார். இறந்தவரின் உளியை அங்கேயே தீட்டி, அதைக் கொண்டே அந்த வீட்டுக்கு ஒரு மணை செய்து கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

வீட்டுச் சுவர் முழுக்க அந்தச் சாமான்கள்தான். சின்னசேலத்தார் உளி, தியாகதுருகத்தார் இழைப்புளி என்று ஆளின் பேரைச் சொல்லித்தான் எடுப்பார், வைப்பார். அவர் மனைவி செல்லியம்மாளுக்கு இதில் தீராத கேலி. "இந்த வூட்ல உசுரோட இருக்கறவங்க கம்மி, செத்தவங்கதான் ஜாஸ்தி" என்பாள். ஒரே மகள் அம்சவள்ளியையும் திருக்கோவிலூரில் கட்டிக் கொடுத்த பிறகு அது முழு உண்மையாகவே ஆகிவிட்டது.

இப்படி ஊரார் சாமானையெல்லாம் கட்டிக் காத்த மனுஷன், சொந்த அப்பன் சாமானை முழுசாக வைத்துக்கொள்ளவில்லை. அப்பா இறந்ததும் மனை பிரிப்பதில் அவருக்கும் தம்பி கொளஞ்சியப்பனுக்கும் வாய்த்தகராறு வந்து கைகலப்பு வரைக்கும் போனது. அத்தை ராஜாம்பாள் நடுவில் உட்கார்ந்து பாகம் பிரித்தாள். உளிக்கு உளி, சுத்திக்குச் சுத்தி என்று பிரித்து வந்தவள் நீட்டு வாளுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். ஆளுக்கொரு பக்கம் நின்று இரண்டு பேர் இழுக்கும் மரம் அறுக்கிற வாள் அது. தாத்தா காலத்து இரும்பு. வாளைப் பெரியவன் பக்கம் தள்ளினாள்; இரண்டு முனையிலும் இருந்த கைப்பிடிகளைக் கழற்றிச் சின்னவன் மடியில் போட்டாள். என்றைக்காவது ஒருத்தன் இன்னொருத்தன் வாசலுக்குப் போய்த்தானே ஆக வேண்டும் என்பது அவள் கணக்கு.

பாவம், அண்ணன் பிள்ளைகளின் வீம்பு அவளுக்குத் தெரியவில்லை. கைப்பிடி செய்வது ஒரு ஆசாரிக்கு வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரத்து வேலை. பொன்னுரங்கம் செய்யவில்லை. அப்பா கை பட்ட பிடிதான் வேண்டும், அதையும் அவனே கொண்டுவந்து தரவேண்டும் என்று இருந்துவிட்டார். தம்பியோ, ஊரின் மறு கோடியில் இரண்டு கைப்பிடிகளையும் சாமி மாடத்தில் வைத்துக்கொண்டு, அண்ணன் வந்து கேட்கட்டும் என்று இருந்தான். பத்து வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

வாள் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டவள் செல்லியம்மாள்தான். மாதத்துக்கு ஒருமுறை கொட்டாங்குச்சியில் விளக்கெண்ணெய் ஊற்றி, துணியைத் தோய்த்து, பல் பல்லாகத் துடைப்பாள். துடைக்கும்போதெல்லாம் ஒரே பேச்சு. "போயி ஒரு வார்த்த கேட்டா இன்னா, கொறஞ்சா பூடுவீங்க?" பொன்னுரங்கம் காது கேட்காதவர்போல் வெளியே போய்விடுவார்.

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் வந்தது. படிக்கவும் வேலைக்குப் போகவும் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று ஊர் ஊராக ஜனங்கள் ரோட்டுக்கு வந்தார்கள். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்றுதான் பொன்னுரங்கமும் நினைத்தார். ஆனாலும் அந்த மரங்கள் விழும் சத்தம் வீட்டுக்குள் கேட்டபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை. போலீஸ் வருகிறது என்ற பேச்சு கிளம்பியதும் ஊரின் ஆண்பிள்ளைகள் பெரும்பாலும் மலையேறிவிட்டார்கள்.

அந்த வாரத்தில் ஒரு காலை, அடுப்புக்குச் சிராய் எடுக்க மரக்குவியலுக்குள் கை விட்ட செல்லியம்மாளைக் கண்ணாடிவிரியன் கடித்துவிட்டது.

மலைக்கு ஓடாமல் மிஞ்சியிருந்த வண்டிக்காரர் முனியன் மாட்டைப் பூட்டினார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் பிழைத்துக்கொள்வாள். முதல் இரண்டு மரங்களை வயல் வழியாகச் சுற்றிக் கடந்தார்கள். ஊருக்கு அரை மைலில் ஓடைப் பாலம். பாலத்தின் மேலேயே ஒரு பெரிய புளியமரம் படுத்துக் கிடந்தது. ஓடையில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர். கட்டிலில் வைத்துத் தூக்கிப் போக ஊரில் ஆள் இல்லை. செல்லியம்மாளின் கை தோள் வரைக்கும் வீங்கியிருந்தது.

பொன்னுரங்கம் ஊரைப் பார்த்து ஓடினார். வாளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பத்து வருஷமாக மிதிக்காத வாசலில் போய் நின்றார்.

"கொளஞ்சியப்பா, அண்ணிய பாம்பு கடிச்சிடுச்சிடா. பாலத்துல மரம் கெடக்குது. கைப்புடி குடு."

தம்பி மாடத்திலிருந்து பிடிகளை எடுத்தான். "கைப்புடி மட்டும் போதுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அண்ணனுக்கு முன்னால் ஓடினான்.

நீட்டு வாளில் ஒரு முறை உண்டு. தன் பக்கம் இழுக்க வேண்டும்; எதிராளி இழுக்கும்போது விட்டுக்கொடுக்க வேண்டும். தள்ளினால் வாள் வளைந்து சிக்கிக்கொள்ளும். இத்தனை வருஷம் கழித்தும் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் கை தப்பவில்லை. மாறி மாறி இழுத்தார்கள். வண்டியில் சாய்ந்து கிடந்த செல்லியம்மாள் கண்ணை மூடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வலியிலும் அவள் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது என்று முனியன் பிற்பாடு சொன்னார்.

மரம் அறுந்து இறங்கும்போது வாளை நடுவில் கவ்விக்கொண்டது. சிக்கிய வாளை உருவ வேண்டுமானால் முதலில் பிடியைத் தட்டிக் கழற்ற வேண்டும். கொளஞ்சியப்பன் பழக்கத்தில் இரண்டு பிடிகளையும் கழற்றி வண்டியில் போட்டான். மாட்டை அவிழ்த்து, கயிறு கட்டி, கிளைப்பக்கத்தை இழுத்து ஒதுக்கினார்கள். அடிமரம் உருண்டு வாளின் பாதி மேல் ஏறி நின்றது. வண்டி போக வழி கிடைத்துவிட்டது.

"ஏறுங்க" என்றாள் செல்லியம்மாள். "வாளு கெடக்கட்டும், ஏறுங்க."

அவர் ஏறியிருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஊர் ஊராகப் போய் அடுத்தவன் அப்பன் சாமானைக் காப்பாற்றிய மனுஷனால் தன் அப்பன் வாளை ரோட்டில் போட்டுவிட்டு வர முடியவில்லை. "மாடு நடந்துதான போவும். நீங்க போய்க்கினே இருங்க, நான் உருவிக்கினு ஓடியாந்துடறேன்" என்றார். தம்பியை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஒரு கட்டையை நெம்புகோலாகக் கொடுத்து மரத்தைத் தூக்கினார்.

வாள் கைக்கு வந்த நேரத்தில் வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு பின்னாலிருந்து போலீஸ் வேன் வந்து நின்றது. ரோட்டில் வெட்டுண்ட மரம், பக்கத்தில் வாளோடு ஒரு ஆள். அந்த வாரத்தில் யார் பேச்சு எடுபடும்? இது ரெண்டு பேர் இழுக்கிற வாள், இன்னொருத்தன் எங்கே என்று கேட்டார்கள். வண்டி அப்போதுதான் வளைவில் மறைந்திருந்தது. "நான் ஒருத்தன்தாங்க அறுத்தேன்" என்றார். அந்தப் பொய்க்கு வாங்கிய அடியைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

கடலூர் ஜெயிலிலிருந்து ஜாமீனில் வெளியே வந்தபோது வாசலில் கொளஞ்சியப்பன் நின்றுகொண்டிருந்தான். தலை மொட்டை அடித்து லேசாக முளைத்திருந்தது. மீசை இல்லை. பொன்னுரங்கம் அந்தத் தலையைப் பார்த்தார். கேட்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"ஊசி போட்டாங்க அண்ணா. நேரம் ஆயிடுச்சின்னு சொன்னாங்க. பாண்டிச்சேரிக்கு இட்டுக்கினு போவச் சொன்னாங்க, ரோடெல்லாம் மரம்" என்றான் தம்பி. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "வாளு கெடச்சிதான்னு கேட்டுக்கினே இருந்தாங்க. கெடச்சிடுச்சி அண்ணி, அண்ணன் எடுத்துட்டாருன்னு சொன்னேன். அப்பறந்தான் கண்ண மூடனாங்க" என்றான்.

பொன்னுரங்கம் ஓவென்று அழுதார். ஒரு இரும்பை உருவ நின்றதில் அவள் கடைசி மூச்சுக்குப் பக்கத்தில் இல்லாமல் போய்விட்டாரே, அந்தப் பாவத்தை எந்தக் கங்கையில் போய்க் கரைப்பது?

வழக்கு சில வருஷம் இழுத்து ஒருவழியாய் முடிந்தது. போலீஸ் எடுத்துப்போன வாளை வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். "நான் போயி வாங்கியாரட்டா?" என்று கொளஞ்சியப்பன் கேட்டான். "வாணாம்" என்றார். அதோடு வேறு ஆசாரிகள் வீட்டுக்குச் சைக்கிளில் போவதையும் நிறுத்திக்கொண்டார்.

ஆயுதபூஜை அன்றைக்கு மட்டும் சுவரிலிருந்து எல்லாவற்றையும் இறக்கித் துடைத்துக் கீழே பரப்புவார். தம்பி அந்த இரண்டு கைப்பிடிகளைக் கொண்டு வருவான். வாளின் நீளத்துக்கு இடம் விட்டு, இந்தக் கோடியில் ஒன்றும் அந்தக் கோடியில் ஒன்றுமாக வைப்பார்கள். சின்னசேலத்தார் உளிக்குப் பொட்டு, தியாகதுருகத்தார் இழைப்புளிக்குப் பொட்டு என்று பேர் சொல்லிச் சொல்லி வைத்துக்கொண்டே வருவார் பொன்னுரங்கம். கைப்பிடிகளுக்கு நடுவே, எண்ணெய் ஊறிக் கறுத்த ஒரு கொட்டாங்குச்சி இருக்கும். அதற்கும் பொட்டு வைத்து, "செல்லியம்மா" என்பார்.