புளியமரம் மறித்த சாலையில் தம்பியின் மூச்சு

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்குப் போனவள் நான். நடக்கவும் பேசவும் முடியாத என் தம்பியின் சாடையைப் புரிந்து ஊட்டுபவளும் நான்தான். அந்தப் பெருமையில், எனக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்தபோதும் நானே ஊட்டினேன்.

காய்ச்சல் அவனுக்கும் வந்தது. சளியை இருமித் துப்ப அவனால் முடியாது. உதடு நீலமாகிவிட்டது. அப்பா மாட்டுவண்டி கட்டினார். இடஒதுக்கீட்டுப் போராட்ட நேரம் அது. கள்ளக்குறிச்சிக்குள் நுழையும் இடத்தில், போராட்டக்காரர்கள் வெட்டிப்போட்ட புளியமரம் சாலையை மறித்துக் கிடந்தது.

“வண்டி போவாது, திரும்புங்க!” என்றார் மறியலில் நின்ற ஒருவர்.

“தம்பிக்கு மூச்சு வரலீங்கண்ணே!” என்று அலறினேன்.

வண்டிக்குள் எட்டிப் பார்த்த அவர், “இவ்ளோ நேரம் வூட்ல இன்னாம்மா பண்ணிக்கினு இருந்தீங்க?” என்று திட்டிக்கொண்டே அவனை ஏந்தி, மரத்தைத் தாண்டி, ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தம்பி பிழைத்தான்.

இப்போது அவன் சாடைகளை அம்மாவுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டேன். எனக்குத் தும்மல் வந்தாலே அம்மாதான் ஊட்டுகிறார். அப்போதெல்லாம் வாசலில் நிற்கும் என்னை, அவன் கண்ணாலேயே கூப்பிடுவான். நான் போவதில்லை.