குகைக்கு அடுத்து மரீஸ்

எங்கள் ஊர் ஆர்ஸாக் கோட்டையில் வெளியூர்க்காரர்கள் கல்யாணம் நடந்தால், வரும் விருந்தாளிகளுக்கெல்லாம் கோட்டைக்காரி மதாம் வெர்கூர் ஒரு தாள் கொடுப்பாள். ஊரில் என்ன பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று அதில் இருக்கும். முதலில் குகை. அப்புறம் ஆற்றில் துடுப்புப் படகு, அக்ரூட் எண்ணெய் ஆலை. கடைசியில் மரீஸ். அவளுடைய சாப்பாட்டுக் கடை இல்லை, அவளேதான். ‘மரீஸ் சூப்பில் ஒயின் ஊற்றிக் குடிப்பதைப் பார்க்காமல் ஊர் திரும்பாதீர்கள்’ என்று போட்டிருக்கும். குகைக்காவது திங்கட்கிழமை விடுமுறை உண்டு.

நான் சந்தையில் ஆட்டுப்பால் சீஸ் விற்கிறவள். மரீஸும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவளைப் பார்த்து யாராவது ‘ஆகா, பழைய காலத்து மனுஷி’ என்று உருகினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழைய காலமாவது மண்ணாவது. போர்தோ பட்டணத்துக்குப் போய் முடி திருத்தும் கடை வைக்க ஆசைப்பட்டவள் அவள். ரொலானைக் கட்டிக்கொண்டாள், அவன் அப்பன் கடை தலையில் விழுந்தது.

கிண்ணத்தின் அடியில் மிஞ்சிய பூண்டு சூப்பில் சிவப்பு ஒயினை ஊற்றி, அப்படியே தூக்கிக் குடிப்பதை நாங்கள் சாப்ரோ என்போம். எங்கள் தாத்தாக்கள் செய்தது. மரீஸுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஒருநாள் பந்தியெல்லாம் முடிந்து, களைத்துப்போய் மூலையில் உட்கார்ந்தவள், ஏதோ நினைப்பில் ஊற்றிக் குடித்துவிட்டாள். அதை ஓர் இங்கிலீஷ்கார மணப்பெண் பார்த்துக் கைதட்டினாள். வேலியில் போன ஓணானை இவள் எடுத்துக்கூட விடவில்லை, அதுவே வந்து மடியில் ஏறிக்கொண்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையிலும், ஜூலை வெயிலில், மேஜை மேஜையாகப் பூண்டு சூப்.

“ஒரு சனிக்கிழமை கடையை மூடேன்டி” என்பேன்.

“ரொலான்கிட்ட சொல்லு” என்பாள்.

ரொலானுக்கு ‘முடியாது’ என்ற சொல் வாயில் வராது. பெண்டாட்டியிடம் மட்டும் தாராளமாக வரும்.

அவர்களுக்கு ஒரே மகள், கொராலி. நான்த் நகரத்தில் நர்ஸ். போன வருஷம், ஜூலையில் கல்யாணம் என்று போன் செய்தாள். அப்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“ஜூலைல நான் எப்படிடி வருவேன்? செப்டம்பர்ல வெச்சுக்கோயேன்.”

“உன் சூப்பு ஆறறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிடும்மா. சரி விடு, உன் வாசலுக்கே வந்து பண்ணிக்கறேன். மேயர் ஆபீஸ் உனக்கு நேர் எதிர்தானே? ரோட்டைத் தாண்டினாப் போதும். தாண்டுவியா?”

“தாண்டாம என்னடி?”

அடுத்த வாரமே நீல நிறத்தில் ஓர் உடுப்பு வாங்கினாள். அதைப் போட்டுக்கொண்டு என் சீஸ் கடை முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். கல்யாணத்தன்று மாட்ட ‘இன்று விடுமுறை’ என்று பலகையும் எழுதி வைத்தாள். அவள் அத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மழை கொட்டியது. ஆறு பெருகிப் படகுகளை நிறுத்திவிட்டார்கள். குகையிலும் தண்ணீர். கோட்டை விருந்தாளிகள் ஒரு கூட்டமே போக்கிடம் இல்லாமல் நின்றது. காலையில் மதாம் வெர்கூர் போன் செய்தாள். வழக்கம்போல ரொலான் எடுத்தான், வழக்கம்போல ‘வரட்டும்’ என்றான். பலகை உள்ளே போயிற்று, சூப் அடுப்பில் ஏறியது.

பதினோரு மணிக்கு மேயர் கஸால் கல்யாணம் செய்துவைக்க மூவர்ணப் பட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். மேயரானாலும் விவசாயிதான்; அவர் வயலில் அறுத்துப் போட்ட வைக்கோல் நனைந்து கிடந்தது, மனசெல்லாம் அங்கே.

“ஆரம்பிக்கலாமாம்மா?”

“அம்மா வரட்டும்” என்றாள் கொராலி.

கல்யாணம் நடக்கும்போது மேயர் அலுவலகத்தின் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆட்சேபிக்கிறவன் தாராளமாக உள்ளே வரலாம். அதனால் நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே மரீஸின் வாசல் தெரிந்தது. உள்ளே கைதட்டுவதுகூடக் கேட்டது. ரொலான் மட்டும் கோட்டு போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் மண்டையில் நாற்காலியைப் போட்டிருப்பேன். கொராலி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து ஓடினேன்.

மரீஸ் நீல உடுப்புக்கு மேல் ஏப்ரன் கட்டியிருந்தாள். கையில் ஒயின் ஜாடி. சுற்றிலும் மேஜைகள் நிறையத் தொப்பி போட்ட கோட்டை விருந்தாளிகள்.

“என்னடி பண்றே? எல்லாரும் உனக்காகக் காத்திருக்காங்க.”

“இந்த மேஜையை முடிச்சுட்டு வந்துடறேன்.”

“ஜாடியை இப்படிக் குடு. நான் ஊத்தறேன், நீ ஓடு.”

“உனக்கு ஊத்தத் தெரியாது” என்றாள். சட்டென்று என் கையைத் தட்டிவிட்டு, “அவங்க என்னைப் பார்க்கத்தானே வந்திருக்காங்க” என்றாள்.

முப்பத்தைந்து வருஷமாக நான் ரொலானைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் இருந்த ஓர் அம்மாள் தெருவுக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள். நல்ல மனுஷிதான், தப்பாகக் கேட்கவில்லை.

“அங்க கல்யாணமா? யாரோடது?”

“என் பொண்ணோடது” என்றாள் மரீஸ்.

“அப்ப நீங்க ஏன் இங்க நிக்கறீங்க?”

மரீஸ் தன் கிண்ணத்தில் ஒயினை ஊற்றினாள். இரண்டு கையாலும் அதைத் தூக்கினாள். எல்லோரும் போனை நீட்டினார்கள். பார்க்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். நான் தெருவைத் தாண்டுவதற்குள் மேயர் முடித்துவிட்டிருந்தார்.

படியில் மணமக்கள் மேல் அரிசி தூவிக்கொண்டிருந்தார்கள். கொராலி என்னை ஓரமாக இழுத்தாள்.

“அம்மா என்ன சொன்னாங்க அத்தை?”

கல்யாணப் பெண்ணிடம் நிஜத்தைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

“அவ துடிச்சுக்கிட்டுதான் இருக்கா. எல்லாம் உங்கப்பன் பண்ணின வேலை, அவளை விடல.”

கொராலி தலைமுடியில் ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அப்பாவைத் திட்டாதீங்க அத்தை. ‘கடையை நான் பார்த்துக்கறேன், நீ போ’ன்னு காலைல அவரு அம்மாகிட்ட கெஞ்சினாரு. நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன்.”