தேங்காய் உடையாத பம்பர்

என் தம்பியின் விலா எலும்பு மூன்று முறிந்த அன்று, அவன் ஓட்டிய பஸ்ஸின் பம்பரில் ஒரு கீறல்கூட விழவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார் பஸ் முதலாளி. புளியமரத்தில் மோதிய வண்டியை மாடு பூட்டி இழுத்து வந்து தன் கொட்டகை முன்னால் நிறுத்தி, வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு, "தண்டவாளத் துண்டுங்க, சும்மாவா" என்று பம்பரைத் தட்டித் தட்டிக் காட்டினார். தம்பி சேலத்து ஆஸ்பத்திரியில் மூச்சு இழுக்க முடியாமல் கிடந்தான். அவனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. ராசிபுரத்தில் எங்களுக்குக் கொல்லுப்பட்டறை. என் வீட்டுக்காரர் குறடு பிடிப்பார், நான் சம்மட்டி போடுவேன். எங்கள் சனத்தில் பெண்கள் சம்மட்டி போடுவது புதிதல்ல. வெளியூர் ஆட்கள்தான் பார்த்துவிட்டு நமட்டுச் சிரிப்புச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், கொண்டுவந்த வேலை முடிந்ததா இல்லையா? மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு, பஸ் வந்த பிறகு கமான் பட்டை வேலையும் சேர்ந்தது. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்காமல் இருக்க அடியில் வைக்கிற எஃகுப் பட்டை அது. பாரம் ஏறினால் வளையும், இறங்கினால் நிமிரும். அதன் குணம் என் கைக்கு நன்றாகத் தெரியும்.

ஆஸ்பத்திரி டாக்டர் எதையும் மூடி மறைத்துப் பேசவில்லை. எலும்பு கூடிவிடும், ஆனால் இன்னொரு தடவை ஸ்டியரிங் இதே நெஞ்சில் இதே வேகத்தில் இடித்தால் ஆள் தேறமாட்டான் என்று சொல்லிவிட்டார். நான் தம்பியிடம் பஸ்ஸை விட்டுவிடு என்று கெஞ்சினேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு வேற என்னக்கா தெரியும்?" என்றான். நியாயம்தான். எட்டு வருஷமாக ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் பிடிக்காத கை. தை பிறந்ததும் அவன் மறுபடி அதே பஸ்ஸில் ஏறுவான் என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று. அப்படியானால் பஸ்ஸைத்தான் மாற்ற வேண்டும்.

அவனைப் பார்க்கப் போன நாட்களில் சூரமங்கலத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்குவோம். வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே வேலியோரம் நின்றிருந்தேன். இஞ்சின் தள்ளிவிட்ட கூட்ஸ் பெட்டி ஒன்று தானாக உருண்டு வந்து, நின்றுகொண்டிருந்த இன்னொரு பெட்டியில் இடித்தது. நின்ற பெட்டியில் வைக்கோலுக்கு நடுவே மண்பானைகள் அடுக்கியிருந்தார்கள். போச்சு, அத்தனையும் ஓட்டாஞ்சில்லி என்று நினைத்தேன். ஒரு பானைகூட உடையவில்லை. பெட்டியின் முகப்பில் இருந்த வட்டத் தட்டு இடி வாங்கியதும் ஒரு சாண் உள்ளே போனது, பிறகு நிதானமாக வெளியே வந்தது. அங்கே கொடி பிடித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். அது பஃபர், உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது என்றார். பல் விளக்கிய குச்சி வாயிலேயே இருக்க, அடுத்த மூன்று பெட்டி இடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.

மாட்டுவண்டியில் ஊர் திரும்பும் வழியெல்லாம் வீட்டுக்காரரிடம் இதே பேச்சு. அவர் நல்ல மனிதர், ஆனால் எதற்கும் முதலில் தயங்குவார். "அது ரயிலு புள்ளே" என்று ஒரே வார்த்தையில் முடிக்கப் பார்த்தார். நான் விடவில்லை. கட்டட வேலையில் கீழேயிருந்து செங்கல் வீசுகிறார்கள், மேலே நிற்கிறவன் எப்படிப் பிடிக்கிறான்? கையைக் கல்லோடு கூடவே இழுத்துக்கொண்டு பிடிக்கிறான். விறைப்பாக நீட்டிக்கொண்டு நின்றால் விரல் போகும். அந்தப் பம்பர் விறைப்பாக நின்றது, விரலுக்குப் பதில் தம்பியின் விலா போயிற்று. இவ்வளவுதானே விஷயம்? அவர் மாடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆட்டையாம்பட்டி தாண்டிய பிறகு, "எந்தப் பட்டையில செய்யலாம்ங்கற?" என்று கேட்டார்.

முதலாளி பஸ்ஸைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பம்பருக்கு ஒன்றும் ஆகவில்லையே தவிர, அதை முடுக்கியிருந்த சட்டம் இரண்டு பக்கமும் கோணிக் கிடந்தது. சட்டத்தை நிமிர்த்தி, ஒரு தண்டவாளத்துக்கு இரண்டாகப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். வீட்டுக்காரர் வழக்கம்போல் சரிங்க என்றார். நான் துருத்தியை விட்டு எழுந்து வந்தேன். மோதிய அடி பம்பரிலும் இல்லை, மரத்திலும் இல்லை, அப்படியானால் அது எங்கே போயிற்று என்று கேட்டேன். கோணிய சட்டத்தைக் காட்டி, இங்கே பாதி, மீதி என் தம்பி நெஞ்சில் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரிடம், "உங்கூட்டுப் பொம்பளை ரொம்பப் பேசுறா" என்றார்.

நல்ல வார்த்தைக்கு மசியாதவரிடம் வேறு வழிதான். சேலத்தில் துரைமார் காருக்கெல்லாம் இப்போது பளபளவென்று வில் மாதிரிப் பட்டைப் பம்பர்தான், தண்டவாளம் போடுவது பழைய மோஸ்தர் என்று எடுத்துவிட்டேன். அதில் பாதி நிஜம், பாதி என் சரக்கு. மனிதர் மீசையைத் தடவினார். பளபளப்பு மட்டும் குறையக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

செய்வது லேசில் முடியவில்லை. பழைய காரின் கமான் பட்டைகளை வாங்கி, காய்ச்சி, வில்லாக வளைத்து, இலுப்பெண்ணெயில் தோய்த்தோம். முதல் பட்டை நான் போட்ட முதல் சம்மட்டி அடியிலேயே கண்ணாடி மாதிரித் தெறித்தது. சூடு மிஞ்சிவிட்டது. இரண்டாவது நன்றாக வந்தது. வளைந்தது, நிமிர்ந்தது. அதைப் பூட்டி, வீட்டுக்காரரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து, ஆறு பேர் பஸ்ஸைத் தள்ளிக் கொட்டகைச் சரிவில் உருட்டிப் புளியங்கட்டையில் மோதவிட்டோம். வில் அழகாக அமுங்கியது. அமுங்கிய வேகத்தில் பஸ்ஸைத் திருப்பி அடித்தது பாருங்கள், வீட்டுக்காரரின் பின்மண்டை பலகையில் போய் மோதியது. தலையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தவர் நேரே போய் வில்லைக் கழற்ற ஆரம்பித்தார். அதற்குத் திட்டியிருந்தாலும் தேவலை.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்பிரிங் அடியை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை, வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. ரயில் பெட்டி கனம், அதோடு மெதுவாக உருள்கிறது, தாங்கிவிடும். பஸ் வருகிற வேகத்துக்கு அடியை எங்காவது செலவழித்துத் தீர்க்க வேண்டும். எது செலவழிக்கும்? மூன்றாம் நாள் எஃகின் விறைப்பு இல்லாத பச்சிரும்புத் துண்டு ஒன்றைச் சூடு காட்டாமலேயே சம்மட்டியால் மடக்கிக்கொண்டிருந்தேன். அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோயிற்று. என் கையில் இருந்த பலமெல்லாம் அந்த இரும்பு மடங்குவதற்கே போயிற்று. மடங்கிய பிறகு அது திரும்பி என்னை அடிக்கவும் இல்லை, மடங்கினபடியே கிடந்தது. அட இதுதானே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வில்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் பச்சிரும்புக் கால்களை, மடக்கிய முழங்கால் போல வளைத்து வைத்தோம். இடையிடையே பழைய டயர்த் துண்டு. சின்ன இடி என்றால் வில் பார்த்துக்கொள்ளும். பெரிய இடி என்றால் அந்தக் கால்கள் மடங்கி நசுங்கும், நசுங்குவதிலேயே வேகம் செத்துவிடும். எவ்வளவு கனம் என்பதுதான் கேள்வி. மெல்லியதாக இருந்தால் ஒரே அடியில் மடங்கிப் பிரயோசனம் இல்லை, தடியாக இருந்தால் தண்டவாளம்தான். கனத்தைக் கூட்டிக் குறைத்து ஏழு ஜோடி செய்து, ஒவ்வொன்றையும் நானே சம்மட்டியால் நசுக்கிப் பார்த்து, அடியை எண்ணி ஐந்தாவது ஜோடியின் கனமே சரி என்று முடிவு செய்தேன். மறுபடி உருட்டி மோதியபோது வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் இருந்து வெற்றிலை மென்றுகொண்டே இறங்கினார். நசுங்கிய கால்களைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினோம்.

தம்பி வேலைக்குத் திரும்பிய முதல் நாள் வெள்ளிக்கிழமை. பஸ்ஸுக்கு மஞ்சள் குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. எங்கள் பக்கத்தில் முதல் நடை கிளம்புமுன் பம்பரில்தான் தேங்காய் உடைப்பார்கள். முதலாளி சூடம் காட்டி, தேங்காயை ஓங்கி அடித்தார். வில் உள்ளே போய் வெளியே வந்தது. தேங்காய் உடையாமல் அவர் கையிலிருந்து எகிறிப் போய் ஓடையில் விழுந்தது. இதை நான் யோசிக்கவே இல்லை. ஏழு ஜோடி கால் செய்தவளுக்கு ஒரு தேங்காய் ஞாபகம் வரவில்லை பாருங்கள்.

இரண்டாவது தேங்காயும் உடையவில்லை. மூன்றாவதை இன்னும் ஓங்கி அடித்தார், அது திரும்பி அவர் முழங்கையைப் பதம் பார்த்தது. சனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு முணுமுணுத்தார்கள். உள்ளே ஏறியிருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு இறங்கினார்கள். சகுனம் கெட்டுவிட்டது, இந்த வண்டி பலி கேட்கிறது என்று யாரோ சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. முதலாளி முகம் சிவந்து, இந்தச் சனியனைக் கழற்றிவிட்டு இப்போதே தண்டவாளத்தை மாட்டு என்று கத்தினார். தம்பி ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி என்னையே பார்த்தான். வீட்டுக்காரர் திருப்புளியைத் தேடிக் குனிந்தார்.

"கழட்டாதீங்க" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். "அந்தத் தண்டவாளத்துல அடிச்சா தேங்கா ஒரே அடியில ஒடையுமுங்க, எனக்கும் தெரியும். எந்தம்பி நெஞ்சும் அதுலதான் ஒடஞ்சுது. தேங்காயே ஒடையாத பம்பருல மனுசன் எப்புடிங்க ஒடைவான்?"

ஓடையோரம் கிடந்த துணி துவைக்கிற கல்லைப் புரட்டி பஸ் முன்னால் போட்டேன். பொம்பளை தேங்காய் உடைக்கக்கூடாது என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வரட்டும். எத்தனை வருஷமாக இரும்பை அடிக்கிற கை, ஒரு தேங்காயை அடிக்கக்கூடாதா? எடுத்து அடித்தேன், சரிபாதியாக இரண்டாகப் பிளந்தது. இரண்டு மூடியையும் முதலாளி கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் ஏறி டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். யாரும் ஏறாவிட்டால் நான் ஒருத்தியே சேலம் போய் வருகிறேன் என்றேன்.

நெய் விற்கிற அம்மாள் ஒருத்தி கூடையோடு நின்றிருந்தாள். புளியமரத்தில் மோதிய நாளில் அவளுடைய நெய்த் தூக்கு அத்தனையும் கவிழ்ந்து போனது. அவள் பம்பர் முன்னால் போய், வில்லைக் காலால் ஓர் உதை உதைத்தாள், அது அமுங்கி நிமிர்வதைப் பார்த்தாள், வந்து என் பின்னால் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து ஆறேழு பேர் ஏறினார்கள். முதலாளி, என்ன நடந்தாலும் அது உன் தலையில்தான் என்று ஊர் கேட்கச் சொன்னார். இருக்கட்டும் என்றேன். ஆனால் அந்தச் சேலம் நடை முழுக்க என் கை சீட்டுக் கம்பியை விடவே இல்லை. பயம் இல்லை என்று சொன்னால் பொய்.

ஐப்பசி மழையில் அது நடந்தது. ஆட்டையாம்பட்டிக்கு இந்தப் பக்கம் எதிரே வந்த பாரவண்டிக்கு ஒதுங்கப் போய், பஸ் சறுக்கி நேராகப் பாலத்துக் கட்டைச் சுவரில் மோதியது. செய்தி வந்தபோது நான் உலைக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தேன். பஸ் மோதிவிட்டது என்றார்கள், டிரைவரைப் பற்றிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை நான் எந்த எதிரிக்கும் கொடுக்கமாட்டேன்.

பிறகு ஒரு மாட்டுவண்டி வந்து பட்டறை முன்னால் நின்றது. முன்னால் முதலாளி, பின்னால் கழற்றிப் போட்ட பம்பர், அதன் மேல் என் தம்பி. குதித்து இறங்கினான். முதலாளி நசுங்கிய காலை எடுத்து என் முன்னால் வீசினார்.

"பச்சிரும்பப் போட்டு ஏமாத்திப்போட்டீங்களே. தண்டவாளமா இருந்தா இப்புடி நசுங்கியிருக்குமா?"

தம்பியை இழுத்து அத்தனை பேர் பார்க்க அவன் விலாவை ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிப் பார்த்தேன். கூச்சம் தாங்காமல் நெளிந்து சிரித்தான். ஓரிடத்திலும் வலி இல்லை. என் கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. கீழே கிடந்த இரும்பை எடுத்தேன். காகிதத்தைக் கசக்கியதுபோல் மடிந்து கிடந்தது.

"நசுங்கறதுக்குத்தானுங்க இதைய வெச்சது. இது நசுங்குச்சு, இவன் நசுங்கல."

முதலாளி இரும்பைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். குரலை இறக்கி, சரி, இந்தத் தடவை கொஞ்சம் கனமாகப் போட்டுவிடு, மறுபடி நசுங்காமல் இருக்கட்டும் என்றார்.

"போடமாட்டனுங்க" என்றேன். "அதே கனந்தான். இது நசுங்குனா நூறு தடவ வேணாலும் செஞ்சு தாரேன். இவனை இன்னொருக்காச் செய்ய எங்கிட்டப் பட்டறை இல்லீங்க."

அவர் வண்டி ஏறிப் போய்விட்டார். மறு வாரம் அவருடைய இரண்டாவது பஸ் பட்டறை வாசலில் வந்து நின்றது, பழைய தண்டவாளத்தைக் கழற்றச் சொல்லி. வெள்ளிக்கிழமை பூஜைக்கு நானும் போயிருந்தேன். பம்பர் பக்கமே போகாமல், அன்றைக்கு நான் புரட்டிப் போட்ட அந்தத் துவைகல்லில் அவர் தேங்காயை உடைத்தார்.