கூழ் குடித்த பிறகு மீதிப் பாட்டு

எங்கள் ராக் குழுவின் முதல் ஆல்பத்தை எங்கள் வீட்டாரைத் தவிர யாரும் கேட்கவில்லை. இரண்டாவதில் கல்வராயன் மலையைப் பற்றி இருபது நிமிடத்துக்கு ஒரே பாட்டு. அதுவும் எடுபடாவிட்டால் பழையபடி கல்யாணக் கச்சேரிக்கே போய்விடலாம் என்று பேசி வைத்திருந்தோம்.

கச்சிராயபாளையத்தில் அம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் முதன்முறையாக அதை வாசித்தோம். நடுவில், மலையில் மழை ஓய்ந்ததைக் காட்ட, எல்லோரும் கொஞ்ச நேரம் வாசிக்காமல் நிற்க வேண்டும். நின்றோம். பாட்டு முடிந்துவிட்டதாக நினைத்த மைக் செட்காரர், "கூழு ஊத்துறாங்க, அல்லாரும் வாங்க!" என்று அறிவித்துவிட்டார். கூட்டம் மொத்தமும் எழுந்து போனது. கல்யாணக் கச்சேரிக்கு எந்தக் கலர் சட்டை என்பதுவரை மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சொம்பும் தூக்குவாளியுமாக ஒவ்வொருவராகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா கேட்டார்: "இன்னா தம்பி, பேயறைஞ்ச மாதிரி நின்னுகினு இருக்கீங்க? இன்டர்வெல்தான் முடிஞ்சிடுச்சே, மீதிய வாசிங்க."

வாசித்தோம். அதற்குப் பிறகு வந்த எங்கள் ஆல்பங்கள் எல்லாவற்றிலும் நடுவே ஓர் இடைவேளை உண்டு. துணிச்சலான முயற்சி என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். நாங்களும் மறுப்பதில்லை.