மடக்கித் தந்த கத்தி

தொண்ணூறுகளின் கடைசியில் ஹெப்பகோடியில் நான் வேலை பார்த்த கம்பெனி ஸ்டோரில், சரக்குப் பெட்டிகளைப் பிரிக்கும் மேஸ்திரி ஒருவர் இருந்தார். ஒல்லி உடம்பு, அடர்ந்த மீசை, பேண்ட் பையில் கனமான மடக்குக் கத்தி. ஒவ்வொரு பெட்டியையும் பிரித்ததும் கத்தியைத் துடைத்து, மடக்கி, பையில் போட்ட பிறகுதான் அடுத்த பெட்டியைத் தொடுவார்.

ஒரு நாள் அதை இரவல் வாங்கி, மரப்பெட்டியின் ஆணியை நெம்பினேன். கத்தியின் முனை ஒடிந்துவிட்டது. அவரைப் போலவே துடைத்து மடக்கி நீட்டினேன். விரித்துப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த மாதம் எனக்கே ஒரு கத்தி வாங்க நினைத்து, எதைப் பார்த்து வாங்குவது என்று அவரிடமே கேட்டேன்.

"பிளேடு தடியா இருக்கணும் சார். விரிச்சா லாக் ஆடக் கூடாது" என்று தன் கத்தியை விரித்துக் காட்டினார். ஒடிந்த முனையைக் கல்லில் உரசி மழுக்கியிருந்தார். "இதுவும் நல்ல கத்திதான். நான்தான் எங்கியோ நெம்பி ஒடச்சிட்டேன் போல இருக்கு."

நான் தலையை ஆட்டினேன்.

அவர் சொன்னபடியே ஒன்று வாங்கினேன். யாராவது அதை இரவல் வாங்கித் திருப்பித் தந்தால், அவர்கள் முன்னாலேயே விரித்துப் பார்க்கிறேன்.