நீலத் தெரு

பொம்மைத் தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு அறுநூறு ஜோடிக் கண்கள் எழுதுவது அவருடைய வேலை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, மறுமலர்ச்சிக் கால நகர வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டுவார். கறுப்புக் கோடுகளாக அச்சான தாளில் முதலில் கூரைகளுக்குச் சிவப்பு, பிறகு வயல்களுக்குப் பச்சை, கடைசியில் தண்ணீருக்கு நீலம். ஒரு நகரத்தில் ஆயிரம் கூரைகளுக்குக் குறையாது. அதனால் மாடி வீட்டில் இருக்கும் நாத்தனார் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘கூரைக்காரி’.

அவரை மேதை என்று சொல்லத் துணியமாட்டேன். தங்கள் பொறுமையையே திறமை என்று நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. அவர் அப்படி ஏமாறவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஆண்டு நகர அருங்காட்சியகம் தன்னிடமுள்ள பழைய வரைபடங்களில் இருபத்து நான்கைக் கையால் தீட்டிய நகல்களாக விற்க முடிவு செய்தது. அவரிடம் மாதிரிக்கு ஒன்று கேட்டார்கள். அது தேறினால் மீதி இருபத்து மூன்றும் அவருக்கே. பொம்மைக் கண்களுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம்.

மூன்று வாரம் உழைத்துக் கொண்டுபோய் வைத்தார். காப்பாட்சியர் அம்மாள் உருப்பெருக்கிக் கண்ணாடியை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இந்தத் தெரு ஏன் மண் நிறத்துல இருக்கு? எங்க தாள்ல நீலமாச்சே?”

“அது தெருதானே மேடம்? ரெண்டு பக்கமும் வாசல் இருக்கு, வண்டிகூட நிக்குது. அந்தக் காலத்துல வண்ணம் தீட்டின ஆளு வாய்க்கால்னு நினைச்சு நீலம் போட்டுட்டான். நான் திருத்திட்டேன்.”

“உங்களை யாரு திருத்தச் சொன்னது? அந்த நீலத் தெருவைப் பாக்கத்தான் ஜனங்க வராங்க. நீலம் வழிஞ்சு மூணு வீட்டை மூழ்கடிச்சிருக்கு பாருங்க, அதுவும் வேணும். தப்பையும் சரியாப் பண்ணணும்ல?”

பத்து நாள் அவகாசம் கிடைத்தது.

நகல் எதற்கு உண்மையாக இருக்க வேண்டும், நகரத்துக்கா தாளுக்கா? யோசித்துப் பார்த்தேன், பதில் கிடைக்கவில்லை. அவருக்கோ யோசிக்கவே நேரமில்லை. தொழிற்சாலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் புதிய தாளில் ஆயிரம் கூரைகளையும் மறுபடி சிவப்பாக்கினார். ஒன்பதாம் நாள் காலையில் அந்தத் தெரு மட்டும் பாக்கி.

அங்கேதான் சிக்கல். கழிவுத் தாளில் பதினான்கு முறை முயன்றார். நீலம் வழியத்தான் செய்தது. ஆனால் அனுமதி கேட்டுக்கொண்டு வழிந்தது. இருபது ஆண்டு கண் எழுதிய கைக்குக் கோட்டைத் தாண்டத் தெரியவில்லை.

நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். “என்ன அண்ணி, மூஞ்சி இப்படித் தொங்குது?”

“தப்பு வர மாட்டேங்குதுடி.”

“உங்களுக்கா? எங்க அண்ணனைக் கட்டிக்கிட்டீங்களே, அதைவிடவா ஒரு தப்பு?”

“காது கேக்குது!” என்று உள்ளறையிலிருந்து கணவரின் குரல் வந்தது.

“கேக்கட்டும்னுதானே சொல்றேன்!”

அவர் சிரித்துக்கொண்டே தூரிகையை நனைத்து நல்ல தாளில் தெருமுனையிலிருந்து தொடங்கினார். நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முந்தின நாள் தன் வீட்டுக்காரர் புது சோபாவை மாடிக்கு ஏற்றப்போய்ப் படிக்கட்டு வளைவில் சிக்கவைத்த கதையை ஆரம்பித்தார்.

“முன்னாலயும் போகலை, பின்னாலயும் வரலை. இவரு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். மேல் மாடிக்காரங்க வேற வழியில்லாம அது மேல ஏறித்தான் இறங்கணும். ஒவ்வொருத்தரும் ஒரு நிமிஷம் உக்காந்து பாத்துட்டு, ‘மெத்துன்னு இருக்கே, எந்தக் கடை?’ன்னு கேட்டுட்டுப் போறாங்க அண்ணி!”

அவர் குலுங்கிச் சிரித்தார். குனிந்து பார்த்தபோது நீலம் கோட்டைத் தாண்டி ஓடியிருந்தது. எண்ணினார். நான்கு வீடு.

“ஐயையோ, ஒண்ணு கூடிப்போச்சே!”

ஆனால் அந்த விளிம்பு பழைய தாளில் இருந்ததைப் போலவே பிசிறடித்து, அக்கறையில்லாமல் இருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: அந்தக் காலத்து ஆள் நீலம் போடும்போது பக்கத்தில் யாரோ உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் படித்த பல கனமான விளக்கங்களைவிட இது நம்பும்படி இருக்கிறது.

இன்னொரு தாளுக்கு நாள் இல்லை. மறுநாள் அதையே எடுத்துக்கொண்டு போனார்.

“ஒரு வீடு அதிகம்,” என்றார் காப்பாட்சியர்.

“ஆமா மேடம். அவன் இதே படத்தை நூறு தாள்ல தீட்டியிருப்பான். உங்ககிட்ட இருக்கறது ஒண்ணுதான். அடுத்த தாள்ல எத்தனை வீடு முங்குச்சுன்னு யாரு கண்டா?”

காப்பாட்சியர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, “நாலாவது வீட்டுக்காரன் பாவம்,” என்று சிரித்தபடி ஒப்பந்தத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

கையெழுத்துப் போட்டு முடித்ததும் அவர் கேட்டார்: “மீதி இருபத்து மூணுலயும் தப்பு இருக்கா மேடம்?”

“நிறைய இருக்கு. ஏன்?”

“இல்ல, என் நாத்தனார்கிட்ட இப்பவே சொல்லி வைக்கணும்.”